முகத்துக்குக் கீழே ஒரு விளக்கு

போட்டோ எடுக்கப் போகிறோம் என்றால் எந்த உடை எடுப்பாக இருக்கும் என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம். கேமராவின் பக்கம் நின்று பார்த்தால் முதல் கேள்வி வேறு: இந்தத் துணி என் முகத்தில் என்ன வெளிச்சத்தை அடிக்கப் போகிறது? முகத்தில் விழும் நிழலைக் குறைக்க ஸ்டூடியோவில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் என்ற தட்டியைப் பிடிப்பார்கள். நீங்கள் போட்டிருக்கும் சட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது, அதுவும் தாடைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்துகொண்டு.

ஒரு துணி பச்சையாகத் தெரிகிறது என்றால், தன் மேல் விழும் வெள்ளை வெளிச்சத்தில் சிவப்பையும் நீலத்தையும் பெரும்பாலும் விழுங்கிவிட்டுப் பச்சையை நாலாபக்கமும் சிதறவிடுகிறது என்று அர்த்தம். அதில் ஒரு பங்கு மேல்நோக்கிப் போய்த் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் மூக்கின் அடிப்பக்கத்திலும் விழும். விளக்கு மேலே இருப்பதால் அந்த இடங்கள் ஏற்கெனவே நிழலில் கிடக்கின்றன. அங்கே கொஞ்சம் பச்சை விழுந்தாலே தூக்கலாகத் தெரியும். நேரில் பார்க்கும்போது இது உறைக்காது. சுற்றியிருக்கும் வெளிச்சத்தின் சாயலைக் கழித்துவிட்டுத்தான் மூளை நமக்கு நிறத்தைக் காட்டுகிறது. கேமரா படம் முழுவதற்கும் சேர்த்து ஒரே சாயலைத்தான் கழிக்கும், தாடைக்கு அடியில் மட்டும் விழும் பச்சையை அப்படியே விட்டுவிடும்.

சந்தேகம் இருந்தால் ஜன்னல் ஓரம் நின்று, பளிச்சென்ற பச்சைத் துணி ஒன்றை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனில் ஒரு படம் எடுங்கள். அப்புறம் அதே இடத்தில் துணியை எடுத்துவிட்டு இன்னொன்று. தாடையின் ஓரத்தைப் பெரிதாக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சையும் நீலமும் தோலை வெளிறியது போலக் காட்டும். செம்மண், பீச் போன்ற சாயல்கள் தோலின் நிறத்தை ஒட்டியே இருப்பதால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பச்சையே போடக்கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. அடர்ந்த, மங்கலான பச்சை மிகக் குறைவான வெளிச்சத்தையே திருப்பி அனுப்பும், தாராளமாகப் போடலாம்.

ஃப்ளோரசன்ட் நிறங்களை மட்டும் நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சாயங்கள் புற ஊதாக் கதிரையும் நீலத்தையும் வாங்கி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாற்றி வெளியே விடுகின்றன. ஒரு சாதாரணத் துணி அந்த நிறத்தில் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்ப முடியுமோ அதைவிட அதிகமாகவே இவை அனுப்பும்.

சரி, நிறம் போகட்டும். வெளுப்பும் கறுப்பும் இன்னொரு சிக்கல். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், தன் முன்னால் இருக்கும் காட்சி சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்புவதை நடுச்சாம்பல் என்பார்கள். சலவை செய்த வெள்ளைச் சட்டை அதைப் போல நான்கு மடங்குக்கு மேல் திருப்பும். படத்தின் பாதியை அது அடைத்துக்கொண்டால், மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். கறுப்பு உடையில் இது தலைகீழாக நடந்து முகம் வெளுக்கும். முகத்தைக் கண்டுபிடித்து அதற்கேற்ப அளக்கும் இன்றைய கேமராக்களில் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனாலும் கருத்த முகத்துக்குச் சரியான வெளிச்சம் வைத்தால் வெள்ளைச் சட்டையின் மடிப்பும் தையலும் காணாமல் போகும் ஆபத்து இருந்துகொண்டே இருக்கிறது. தோலின் வெளிச்ச அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் துணி இந்த இழுபறியைத் தீர்த்துவிடும்.

இதையெல்லாம்விட எனக்கு வியப்பாக இருப்பது பொடிக் கோடு போட்ட சட்டைதான். கண்ணாடியில் கச்சிதமாக இருக்கும். படத்திலோ தோள்பட்டையில் வானவில் மாதிரி அலை அலையாக ஏதோ ஓடும். இதற்குப் பெயர் மொய்ரே. இரண்டு சீப்புகளை ஒன்றின் மேல் ஒன்று லேசாகச் சாய்த்து வைத்தால் இரண்டிலும் இல்லாத அகலப் பட்டைகள் தோன்றுமே, அதுதான் இது. இங்கே ஒரு சீப்பு துணியின் கோடுகள், இன்னொன்று கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் பிக்சல் வரிசை.

கணக்கு எளிது. கருங்கோடு, வெண்கோடு என்ற ஒரு ஜோடியைப் பிரித்துக் காட்டக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் நீளப்பக்கம் சுமார் 6000 பிக்சல். அது ஒன்றரை மீட்டர் உயரத்தைப் படம்பிடித்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 4 பிக்சல் கிடைக்கும். கோட்டு ஜோடி அரை மில்லிமீட்டர் என்றால் சரியாக 2 பிக்சல், விளிம்பில் நிற்கிறோம். ஆனால் நிறத்துக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி அமைப்பைத்தான் பெரும்பாலான சென்சார்கள் இன்றும் பின்பற்றுகின்றன. அதில் பாதி பிக்சல்கள் பச்சைக்கு, சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா கால் பங்குதான். ஆகவே சிவப்பும் நீலமும் முதலில் தடுமாறுகின்றன. கறுப்பு வெள்ளைக் கோட்டில் வானவில் முளைப்பது இதனால்தான்.

போட்டோகிராபர் இரண்டு அடி முன்னே வந்தாலே அது மறைந்துவிடலாம். ஆனால் படத்தைச் சிறிதாக்கும்போது, மென்பொருள் முதலில் அதைச் சரியாக மென்மையாக்காவிட்டால், மறுபடி முளைக்கும். நிற அலையை எடிட்டிங்கில் ஓரளவு போக்கலாம். கோட்டின் வடிவமே குலைந்திருந்தால் மீட்பது கடினம். கோடு வேண்டுமென்றால் அகலக் கோடாகப் போடுங்கள்.

கறுப்பிலும் எல்லாம் ஒரே கறுப்பு இல்லை. சில செயற்கை இழைத் துணிகள் கண்ணுக்குக் கறுப்பு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை நன்றாகத் திருப்பி அனுப்பும். சென்சார் அகச்சிவப்பையும் உணரும் என்பதால் அதன் முன்னால் ஒரு தடுப்பு வைக்கிறார்கள். 2006-இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் அந்தத் தடுப்பு பலவீனமாக இருந்ததால் கறுப்புச் செயற்கைத் துணிகள் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகப் பதிவாயின. லென்ஸுக்கு முன்னால் மாட்டத் தனி ஃபில்டர் கொடுக்க வேண்டியதாயிற்று. மற்ற கேமராக்களில் அவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் வேறு வேறு இழையில் நெய்த கறுப்பு மேலாடையும் கறுப்புக் கால்சட்டையும் வீட்டு விளக்கில் ஒன்றாக இருந்துவிட்டு, ஸ்டூடியோ வெளிச்சத்தில் ஒன்று பழுப்பாகவும் இன்னொன்று நீலமாகவும் பிரிந்து நிற்பது நடக்கக்கூடியதுதான். அதனால் கறுப்பில் போவதாக இருந்தால் ஒரே துணியில் தைத்த ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அங்கே போனதும் முதல் படத்திலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திரையில் பார்த்துவிடுங்கள்.