எல்.இ.டி.தானே என்று எரியவிடாதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளில் இருபது வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை செய்கிறேன். விளக்கு மாட்டுவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் விளக்கை அணையுங்கள் என்று நானே எழுத வேண்டியிருக்கிறது. மாடி விளக்கைப் பார்த்துக் கடலாமைக் குஞ்சுகள் வந்து செத்துப்போன வீடு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஆமை சீசனில் நான் பார்த்த மூன்றாவது வீடு இது.

மார்ச் கடைசியில் நீலாங்கரைக்குத் தெற்கே ஒரு கடலோர வீட்டிலிருந்து போன் வந்தது. ஃபிளட் லைட் பகலிலும் அணைய மாட்டேன் என்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால், இருட்டினால் விளக்கைப் போட்டு, விடிந்தால் அணைக்கிற சென்சார் உப்புக் காற்றில் அரித்துப் போயிருக்கிறது. கடலோரத்தில் இது அடிக்கடி வருகிற கம்ப்ளெய்ன்ட்தான். மொட்டை மாடியில் நாலு விளக்கு, நாலும் கடலைப் பார்த்து, மூன்று வாரமாக இரவு பகல் பாராமல் எரிகின்றன. கீழே சுவிட்ச் இருக்கிறது. ஏன் அணைக்கவில்லை என்று கேட்டேன்.

"எல்.இ.டி.தானே தம்பி, கரண்டா எடுக்கப்போகுது?" என்றார் காவலுக்கு இருந்த பெரியவர். வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

அப்புறம் அவரே கேட் பக்கம் கூட்டிப்போனார். மதில் ஓரத்து மழைநீர்க் குழியில் ஆறு ஆமைக்குஞ்சுகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. துடுப்புக் காலில் மணல் ஒட்டிக் காய்ந்து, கண்ணில் எறும்பு. வெளியே மணலில் தடம் அழியாமல் இருந்தது. கடல் ஒரு பக்கம் இருக்க, தடம் நேராக வீட்டுக்கு வந்திருந்தது.

இந்தக் கரைக்கு முட்டையிட வருகிற பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இடும். குஞ்சு இரவில் வெளியே வந்து, வெளிச்சமாகத் தெரிகிற பக்கம் போகும். விளக்கில்லாத கரையில் அது கடல் பக்கம்தான். 1988 முதல் மாணவர்கள் தூக்கம் விட்டு இந்தக் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழியின் குஞ்சுகள்தான் நம் மாடி விளக்கை நம்பி வருகின்றன.

சரி, கரண்ட் எடுக்காது என்கிறீர்களே, கணக்குப் போடுவோம். 50 வாட் விளக்கு நாலு, மொத்தம் 200 வாட். 24 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட். 21 நாளில் 100 யூனிட்டைத் தாண்டிவிட்டது. 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கொடுத்தார்களே, அவ்வளவும் மூன்றே வாரத்தில் ஆளில்லாத மாடியில் போய்விட்டது. சென்சார் சரியாக இருந்து இரவில் 12 மணி நேரம் மட்டும் எரிந்திருந்தாலும் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட்.

முன்பு வாசலில் ஒரே ஒரு 60 வாட் குண்டு பல்பு. சாப்பிட்டு முடித்ததும் "லைட்டை அணைடா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். மூன்று மணி நேரம் எரிந்தால் 0.18 யூனிட். குண்டு பல்பு கரண்டைக் குடிக்கும், எல்.இ.டி. மிச்சம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றி, அதே மூன்று மணி நேரம் எரித்தால்தான் மிச்சம். நாம் ஒன்றை நாலாக்கினோம், மூன்று மணியை விடிய விடிய ஆக்கினோம். அதற்குமேல், ஒரு 50 வாட் ஃபிளட் லைட் தருகிற வெளிச்சம் ஆறேழு குண்டு பல்புக்குச் சமம். அவ்வளவையும் கடலுக்கும் வானத்துக்கும் கொட்டுகிறோம். ஈசல் வந்தால் மட்டும் விளக்கை அணைக்கத் தெரிகிறது நமக்கு!

திருட்டு பயம் என்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். இரவில் உங்கள் ஃபிளட் லைட்டைப் பார்த்து நில்லுங்கள். அதற்குப் பின்னால் நிற்கிற ஆள் தெரியாது. கையை நெற்றியில் வைத்து வெளிச்சத்தை மறைத்தால் தெரிவார். விளக்குக்குத் தொப்பி போட்டுத் தரையைப் பார்த்துத் திருப்பினால் அந்தக் கையே வேண்டாம். கேட்டுக்கு ஆள் நடந்தால் எரிகிற மோஷன் சென்சார் போதும்.

கடலைப் பார்த்து எந்த விளக்கும் வேண்டாம். அழகுக்குப் போட்ட தென்னைமர விளக்கு, மதில் விளக்கு எல்லாவற்றையும் பத்து மணிக்கு டைமரில் அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் கணக்கில் பெட்டியில் போட்டிருப்பார்கள். கடைக்காரர் 6500 கெல்வின் வெள்ளையைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார், வாங்காதீர்கள். 2700 கெல்வின் வார்ம் ஒயிட், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை கேளுங்கள். கடலோரமென்றால் மஞ்சள் ஆம்பர் இன்னும் நல்லது. ஜனவரியிலிருந்து மே வரை கடலைப் பார்த்த ஜன்னலுக்குத் திரை போடுங்கள். குஞ்சு வந்துவிட்டால் முதலில் விளக்கை அணையுங்கள். தண்ணீர் வாளியில் போடாதீர்கள். ஈர மணல் கொஞ்சம் போட்ட வாளியில் இருட்டில் வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் இரண்டு விளக்கைக் கழற்றிவிட்டு, மீதி இரண்டைக் கேட் பக்கம் தரையைப் பார்த்துத் திருப்பினேன். பத்து மணி டைமர். மறுநாளே வீட்டுக்காரர் போன் செய்து, மாடி இருட்டாக இருக்கிறதே என்றார். மே மாதம் வரை பொறுங்கள் சார் என்று கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்.

இந்தப் பக்கம் யாருக்காவது விளக்கைத் திருப்ப வேண்டுமென்றால் சொல்லுங்கள். திருப்புவதற்கு நான் கூலி வாங்குவதில்லை. ஏணி மட்டும் எடுத்து வையுங்கள்.