ஃபிளைட்கியரில் செஸ்னா ஏன் அடங்காமல் ஆடுகிறது?

கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் ஃபிளைட்கியர் மென்பொருளை முதன்முதலில் திறப்பவர் பெரும்பாலும் செஸ்னா 172பி (172P) என்ற சிறு விமானத்தில்தான் உட்காருகிறார். எஞ்சினின் பலத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் திறந்ததும் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போகும். அதைச் சமாளித்து மேலே எழுந்தால் மூக்கு ஊஞ்சல்போல் ஏறி இறங்கும், கொஞ்ச நேரத்தில் தரையில் குத்தும். மென்பொருளில் கோளாறு என்றுதான் அப்போது தோன்றும். ஆனால் அது கணக்கைச் சரியாகப் போடுவதால்தான் இப்படி நடக்கிறது.

1996-இல் ஒரு முன்மொழிவாகப் பிறந்து, ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்தில் இன்றும் வளர்ந்துவரும் இலவச மென்பொருள் இது. இதன் செஸ்னாவைப் பறக்க வைப்பது ஜேஎஸ்பிசிம் என்ற கணக்கீட்டு எந்திரம். இப்படிப் பறக்க வேண்டும் என்று முன்கூட்டி வரைந்த அசைவு எதுவும் அதில் கிடையாது. ஒரு நொடிக்கு 120 முறை, இறக்கை, வால், ப்ரொப்பெல்லர், சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் விழும் விசையைக் கூட்டுகிறது. விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். அதிலிருந்து அடுத்த 120-இல் ஒரு பங்கு நொடிக்கான வேகமும் இடமும் கிடைக்கின்றன. திரையில் நாம் பார்ப்பது அந்த விடையைத்தான்.

இதில் புதியவர் மனதில் பதிக்க வேண்டியது ஒன்று: தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 172பி-யின் அதிகபட்ச எடை 2,400 பவுண்டு, இறக்கைப் பரப்பு சுமார் 16.2 சதுர மீட்டர். கடல்மட்டக் காற்றில் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் அந்த எடையைத் தாங்க, தூக்குவிசைக் கெழு, அதாவது இறக்கை எவ்வளவு திறம்படத் தூக்குகிறது என்று காட்டும் எண், 0.4 இருந்தால் போதும். 65 நாட்டில் அது கிட்டத்தட்ட 1 ஆக வேண்டும், 50 நாட்டில் 1.6. வேகம் குறையக் குறைய இறக்கை காற்றை இன்னும் பெரிய கோணத்தில் சந்தித்தாக வேண்டும். ஃபிளாப் என்ற பின்விளிம்புத் தகட்டை விரிக்காத இறக்கைக்கு 1.6 ஏறக்குறைய எல்லை. அதைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும், தூக்குவிசை சரியும். இதுதான் ஸ்டால். அப்போது பயந்து மூக்கை இன்னும் தூக்குவது நிலைமையை மோசமாக்கும். மூக்கைத் தாழ்த்தி, த்ராட்டிலைத் திறப்பதே வழி.

ஓடுதளத்தில் இடப்பக்கம் இழுப்பதற்கு வருவோம். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது திருகித் தள்ளும் காற்று வாலின் செங்குத்துத் தகட்டை இடமிருந்து மோதி, மூக்கை இடப்பக்கம் திருப்புகிறது. எஞ்சினின் எதிர்முறுக்கு இடச்சக்கரத்தைத் தரையோடு அழுத்துவதும் சேர்ந்துகொள்கிறது. அதனால் கீபோர்டின் வலப்புற எண் பகுதியான நம்பேடின் என்டர் விசையைத் தட்டி வலது ரடர் (மூக்கை இடவலம் திருப்பும் வால் தகடு) கொடுத்துக்கொண்டே ஓட வேண்டும். பூஜ்ஜியம் இடது ரடர். த்ராட்டிலை ஒரே மூச்சில் திறக்காமல், பேஜ் அப் விசையை மூன்று நான்கு நொடிக்கு மெல்ல ஏற்றினால் இழுப்பைத் திருத்த அவகாசம் கிடைக்கும். விமானம் நகரவே இல்லை என்றால், ஷிஃப்டோடு பி (B) அழுத்திப் பார்க்கிங் பிரேக்கை விடுவித்தீர்களா என்று பாருங்கள். 55 நாட்டில் மூக்கை லேசாக உயர்த்துங்கள், ஏற்றத்தில் 75 நாட்டை ஒட்டிப் பிடியுங்கள்.

ஊஞ்சலாட்டம்தான் பலரை விரட்டிவிடுகிறது. அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது கீபோர்டு. நம்பேடில் 2-ஐத் தட்டினால் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) ஒரு படி நகர்ந்து அங்கேயே நிற்கும். விரலை எடுத்தாலும் நடுநிலைக்குத் திரும்பாது, 5-ஐ அழுத்தினால்தான் திரும்பும். ஜாய்ஸ்டிக்கில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது விமானத்தின் இயல்பு. மூக்கு உயர்ந்தால் வேகம் குறையும், அதனால் மூக்கு தாழும், தாழ்ந்தால் வேகம் ஏறி மூக்கு மறுபடி உயரும். 100 நாட்டில் இந்தச் சுற்று ஒன்று முடிய 25 நொடி அளவுக்கு ஆகும். விட்டுவிட்டால் தானே அடங்கும். உயரமானியைத் துரத்திக்கொண்டு விசையைத் தட்டினால், ஒவ்வொரு தட்டும் காலம் தப்பி விழுந்து ஆட்டத்தைப் பெருக்கும். ஆகவே மூக்கைத் தொடுவானத்தோடு ஒப்பிட்டு ஓர் இடத்தில் நிறுத்துங்கள், த்ராட்டிலை நிமிடத்துக்குச் சுமார் 2,300 சுற்றுக்கு வையுங்கள், பிறகு ஹோம், எண்ட் விசைகளால், மூக்கைத் தானாக ஒரே நிலையில் பிடித்துவைக்கும் ட்ரிம்மைச் சிறுகச் சிறுக மாற்றுங்கள். எலிவேட்டரைத் தொடாமலே விமானம் மட்டமாகப் போகும்வரை இதைச் செய்வது, தரையிறங்கப் பழகுவதைவிட முதலில் கற்க வேண்டிய பாடம்.

இதையும் செய்து பார்த்து ஆட்டம் நிற்காவிட்டால் கணினியைக் கவனியுங்கள். திரை நொடிக்கு 15 படங்களுக்குக் கீழே தடுமாறினாலும் கணக்கு 120 முறையே ஓடும். உங்கள் கண்ணுக்கு விடை தாமதமாக வரும், கை தாமதமாகத் திருத்தும். மேகம், நிழல், மர அடர்த்தி ஆகியவற்றைக் குறைப்பது அழகுக்கு இழப்பு, கட்டுப்பாட்டுக்கு லாபம்.

திரும்பும்போது 30 பாகைக்கு மேல் சாய்க்காதீர்கள். 60 பாகைச் சாய்வில் உயரம் குறையாமல் திரும்ப, இறக்கை இருமடங்கு எடையைச் சுமக்க வேண்டும். ஸ்டால் வேகமும் 1.41 மடங்காகிவிடும்.

இறங்குவதற்குச் சான் பிரான்சிஸ்கோவின் 28ஆர் போன்ற நீண்ட ஓடுதளத்தைத் தேர்ந்தெடுங்கள், அதன் நீளம் 3,600 மீட்டரை ஒட்டியது. வானிலையில் காற்று குறைந்த அமைப்பை வையுங்கள். 85 நாட்டுக்குக் கீழே வந்தபின் ஃபிளாப்பை 30 பாகைக்கு விரித்து, 65 நாட்டில் இறங்குங்கள். 75-இல் வந்தால் தரைக்கு அருகே இறக்கைக்கு இழுவை குறைவதால் விமானம் உட்காராமல் மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து அழுத்தி இறக்கினால் மூக்குச் சக்கரம் முதலில் மோதித் துள்ளும். துள்ளிவிட்டால் அங்கேயே திருத்தப் பார்க்காதீர்கள். முழு த்ராட்டில் கொடுங்கள், ஃபிளாப்பை உடனே 20 பாகைக்குக் குறையுங்கள், வேகம் ஏறியபின் மீதியை மடக்குங்கள். 30 பாகை விரித்தபடியே ஏற முயன்றால் எஞ்சினின் பலத்தை இழுவை தின்றுவிடும்.