தனியார் பார்க்கிங் டிக்கெட்: கட்டுவதா, எதிர்ப்பதா?

இங்கிலாந்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடிதம் புதிதல்ல. கேமரா எடுத்த இரண்டு படம், அதற்குக் கீழே '100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60'. சிலர் பயந்துபோய் அன்றைக்கே கட்டிவிடுவார்கள். சிலர் கிழித்துப் போட்டுவிடுவார்கள். இரண்டுமே அவசரம்.

முதலில் அனுப்பியது யார் என்று பாருங்கள். கவுன்சிலோ (உள்ளாட்சி) போலீஸோ என்றால் அது நிஜமான அபராதம், அதை எதிர்க்கும் வழி வேறு. சூப்பர்மார்க்கெட், ஜிம் வாசல்களைக் கவனிக்கும் தனியார் கம்பெனி என்றால் அது வெறும் பில். இரண்டையும் பிசிஎன் என்றே சுருக்குவதால்தான் குழப்பம்: கவுன்சில் தாளில் 'பெனால்ட்டி' என்று இருக்கும், தனியார் தாளில் 'பார்க்கிங்' என்று இருக்கும்.

பில்தானே, விட்டுவிடலாமா? கூடாது. செம்ஸ்ஃபோர்டில் 2 மணி நேரம் இலவசமாக நிறுத்தும் இடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்ற பாரி பீவிஸ், 85 பவுண்டு அநியாயம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் கம்பெனிதான் ஜெயித்தது. அதனால் 'தொகை அதிகம்' என்று மட்டும் எழுதினால் எடுபடாது.

எடுபடுவது தேதி. வண்டியை ஓட்டியவர் யார் என்று தெரியாதபோது, லாக்புக்கில் (வண்டிப் பதிவுப் பத்திரத்தில்) பெயர் உள்ளவரிடம் பணம் கேட்கும் உரிமையை 2012ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனிக்குத் தருகிறது, ஆனால் நிபந்தனையோடு. கண்ணாடியில் டிக்கெட் ஒட்டாமல் கேமராவை நம்பித் தபாலில் அனுப்பினால், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். மார்ச் 1 அன்று நிறுத்தியிருந்தால் 15ஆம் தேதிக்குள். தாமதமானால் அந்த உரிமை போய்விடும், ஓட்டியவரிடம் மட்டும்தான் கேட்கலாம். ஆகவே பதிலில் 'நான் நிறுத்தினேன்' என்று எழுதாதீர்கள், 'ஓட்டுநர் நிறுத்தினார்' போதும். நம் ஆட்கள் நடந்ததை வரிவிடாமல் சொல்லி, இருந்த ஒரே பிடியையும் விட்டுவிடுவது இங்கேதான். (ஸ்காட்லாந்தில் இந்த உரிமை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.)

அடுத்தது கேமராவின் கோளாறு. அது குறிப்பது உள்ளே வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும்தான், வண்டி நின்ற நேரத்தை அல்ல. இடம் தேடிச் சுற்றியதும், வெளியேறும் வரிசையில் காத்திருந்ததும் அதில் சேர்ந்துவிடும். காலையில் பால் வாங்க ஒரு தடவை, சாயங்காலம் மறுபடி ஒரு தடவை போனால், நடுவில் வெளியேறியதைக் கேமரா தவறவிட்டு நாள் முழுக்க அங்கேயே நின்றதாகக் காட்டுவதும் உண்டு. நேரம் முடிந்தபின் 10 நிமிடச் சலுகை இருக்கிறது, அதையும் கணக்கில் எடுங்கள். ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், படிக்க முடியாத போர்டின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கடையில் பொருள் வாங்கியிருந்தால் மேனேஜரிடம் ரசீதைக் காட்டிக் கேளுங்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லி ரத்தானவை நிறைய.

அப்புறம் கம்பெனிக்கே முதல் மேல்முறையீடு. 14 நாளுக்குள் போட்டுவிடுங்கள். மறுத்தாலும் பொதுவாகச் சலுகைத் தொகையில் கட்ட மறுபடி வாய்ப்புத் தருவார்கள். மறுத்தால், கம்பெனி எந்தப் பார்க்கிங் கம்பெனிகள் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐஏஎஸ் (கலெக்டர் ஆபீஸ் ஐஏஎஸ் அல்ல) என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். பாப்லாவுக்கு 28 நாள் அவகாசம், கட்டணம் இல்லை. மறுப்புக் கடிதத்தில் வரும் 10 இலக்கக் குறியீடு அவசியம். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமானால் கம்பெனி கட்டுப்பட வேண்டும். பாதகமானால் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை, ஆனால் 60 பவுண்டுச் சலுகை போய்விடும், முழுத்தொகையைக் கேட்டு வருவார்கள்.

கடன் வசூல் கம்பெனியின் சிவப்பு எழுத்துக் கடிதங்களுக்கு நடுங்க வேண்டாம், அவர்களால் வீட்டுக்குள் வந்து எதையும் எடுக்க முடியாது. கவுன்ட்டி கோர்ட் (சிவில் நீதிமன்றம்) படிவம் வந்தால் கதை வேறு. அதை ஒதுக்கி வைத்தால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். தீர்ப்புத் தொகையை ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 6 வருடம் கிரெடிட் பதிவில் நிற்கும். வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான் அது தெரியவரும்.