சொத்து வரி நோட்டீஸ் வந்தால் முதலில் சதுர அடியைப் பாருங்கள்

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய கணவர் வீட்டின் முன் அறையில் சிறிய மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் இறந்ததும் கடை மூடப்பட்டது. அந்த அறையில் இப்போது பேரப்பிள்ளைகள் படுத்து உறங்குகிறார்கள். ஆனால் உள்ளாட்சி அலுவலகப் பதிவேட்டில் அது இன்னமும் கடை. வணிகக் கட்டடத்துக்கான வரியை அவர் ஆண்டுக்கணக்கில் கட்டிவந்தார். திருத்தச் சொல்லி வருவாய்ப் பிரிவுக்கு ஏழு முறை போனார். ‘பார்க்கிறோம் அம்மா’, ‘பில் கலெக்டர் வருவார்’, ‘ஆய்வாளர் விடுப்பில் இருக்கிறார்’ என்று ஏழு முறையும் வாய்வார்த்தையாகவே பதில் கிடைத்தது. அவர் வந்துபோனதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூடச் சாட்சி இல்லை.

சொத்து வரியைப் பற்றி மாமன்றங்களிலும் நகர்மன்றங்களிலும் கூச்சல், வெளிநடப்பு எல்லாம் நடக்கின்றன. அத்தனையும் விழுக்காட்டைப் பற்றியது. உங்கள் வீட்டின் அளவும் பயன்பாடும் பதிவேட்டில் சரியாக இருக்கின்றனவா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

பின்னணி இவ்வளவுதான். உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரியைச் சீரமைக்க வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்தது. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் முன்னால் ஏப்ரலிலேயே வரி உயர்வு வந்து நின்றது. சென்னையைத் தவிர்த்த மற்ற ஊர்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடங்களுக்கு 100. சென்னையின் பழைய பகுதிகளில் இதைவிடவும் கூடுதல்; அங்கே 600 சதுர அடி வீட்டுக்கே 50 விழுக்காடு. பிறகு 2024இல் ஆண்டுதோறும் உயர்த்தும் முறை வந்தது. அந்தச் செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 விழுக்காடு உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது.

இனி, ஆட்கள் ஏமாறும் இடங்களுக்கு வருவோம்.

அந்த அளவுப் படிகளைத் திரும்பப் பாருங்கள். 1,200 சதுர அடி வீட்டுக்கு 50 விழுக்காடு. 1,201 என்று எழுதிவிட்டால் 75. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டியவருக்கு முதல் கணக்கில் 1,500 ரூபாய், இரண்டாவதில் 1,750 ரூபாய். அளவு நாடாவைச் சற்றுத் தளர்வாகப் பிடித்ததற்கு ஒவ்வோர் அரையாண்டும் 250 ரூபாய் அபராதம்! அதன் மேல் 6 விழுக்காடு ஐந்து முறை ஏறினால் அந்த 250 ரூபாய், ஏறத்தாழ 335 ரூபாய் ஆகிவிடும். அடிப்படையில் விழுந்த பிழை தானாகச் சரியாகாது. வட்டிக்கு வட்டி போல வளரும். ஆகவே கட்டட அனுமதி வரைபடத்தையோ பத்திரத்தையோ எடுத்து வைத்துக்கொண்டு, பதிவேட்டில் உள்ள சதுர அடியுடன் ஒப்பிடுங்கள். அடுக்குமாடி வீடு என்றால், உள்ளே நடமாடும் பரப்பை மட்டும் அளந்து சண்டைக்குப் போகாதீர்கள். சுவர்களையும் சேர்த்த கட்டுமானப் பரப்புக்குத்தான் வரி. அந்த வாதத்தில் தோற்றுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பயன்பாடு. கடை மூடினாலும் பதிவேட்டில் கடை மூடாது. மின்சார வாரியத்தில் வீட்டு இணைப்பாக மாற்றிவிட்டேனே என்றால், அது வேறு அலுவலகம், வேறு பதிவேடு. ஒன்றில் மாற்றினால் மற்றொன்றிலும் மாறிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். மாற்றிய மின் கட்டண ரசீதை நகலெடுத்து மனுவுடன் இணையுங்கள். அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

காலிமனை வரியில் இன்னொரு பொறி இருக்கிறது. மனை வாங்கியபோது அதற்கு ஒரு வரிவிதிப்பு எண் கொடுத்திருப்பார்கள். வீடு கட்டி முடித்ததும் வீட்டுக்குப் புதிய எண் வரும். பழைய எண்ணை ரத்து செய்யச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால், சில இடங்களில் இரண்டும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கும். பல ஆண்டுகள் கழித்து, இல்லாத காலிமனைக்கு நிலுவை என்று கேட்பு அறிவிப்பு வந்து நிற்கும். புதிய எண் கேட்கும் அன்றே பழைய எண்ணை ரத்து செய்யும் மனுவையும் கொடுத்துவிடுங்கள்.

கோபத்தில் வரி கட்டாமல் இருப்பதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. ‘தப்பாகப் போட்டிருக்கிறார்கள், திருத்தினால்தான் கட்டுவேன்’ என்பது நியாயமான கோபம்தான். ஆனால் தாமதத்துக்கு மாதம் 1 விழுக்காடு தனி வட்டி ஏறும். நிலுவைக்காரர் பட்டியலில் பெயர் விழுந்தபின் உங்கள் மனுவை யாரும் முகங்கொடுத்துப் பார்ப்பதில்லை. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல் 30க்குள் அல்லது அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். அதை விடாதீர்கள். பணத்தைக் கட்டிவிட்டு, ‘ஆட்சேபத்துக்கு உட்பட்டே செலுத்தியுள்ளேன்’ என்று எழுதி, ரசீது நகலுடன் மனு கொடுங்கள். கூடுதலாகக் கட்டியதை வருங்கால வரியில் கழிப்பது நடக்காத காரியம் அல்ல. 2018இல் ஏற்றிய வரியை 2019 நவம்பரில் அரசே நிறுத்திவைத்தபோது, கட்டிய கூடுதல் தொகை அப்படித்தான் ஈடுசெய்யப்படும் என்று அறிவித்தார்கள்.

மனுவை எங்கே கொடுப்பது? பில் கலெக்டர் கையில் கொடுக்காதீர்கள். வாசலில் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்ட தாள் எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. ஆணையர் பெயருக்கு எழுதி, அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். நேரே அஞ்சலகம் போய் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். புதிய வரிவிதிப்பு அல்லது மறுமதிப்பீட்டு நோட்டீஸ் என்றால் ஆட்சேபம் தெரிவிக்க அதிலேயே கெடு இருக்கும். நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை உறையின் மேல் எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். மனுவில் ஒரே ஒரு கோரிக்கை போதும்: இன்ன வரிவிதிப்பு எண்ணில் இன்ன பதிவு தவறு, இன்ன அரையாண்டு முதல் திருத்துக. ‘எந்த அரையாண்டு முதல்’ என்று எழுதாவிட்டால் திருத்தம் செய்யும் தேதியிலிருந்து மட்டுமே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

ஒரு மாதம் ஆகியும் பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பம் போடுங்கள். ‘ஏன் திருத்தவில்லை’ என்று கேட்காதீர்கள். அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். உங்கள் கட்டடத்தின் அளவீட்டுப் பதிவேட்டு நகல், அளந்த தேதி, அளந்தவரின் பதவி, உங்கள் மனு மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பல நேரங்களில், அந்த அளவீட்டுத் தாளைத் தேடும்போதே அலுவலகம் தன் பிழையைக் கண்டுகொள்ளும்.

வரி கட்டிய ரசீது பட்டாவும் ஆகாது, பத்திரமும் ஆகாது. ‘என் பெயரில்தான் வரி வருகிறது, எனவே வீடு எனக்குத்தான்’ என்று சொல்லிக்கொண்டு நீதிமன்றப் படியேறிய அண்ணன் தம்பிகளை அறிவேன். வீட்டுக்காரர் இறந்துவிட்டால் வாரிசுச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் கொடுத்துப் பெயர் மாற்றுங்கள். ஆனால் அதைச் சொத்துப் பிரிவினை என்று எண்ணிவிட வேண்டாம்.

உங்கள் வார்டு உறுப்பினரையும் விட்டுவிடாதீர்கள். பகுதி சபைக் கூட்டத்தில், ‘நம் வார்டில் திருத்த மனுக்கள் எத்தனை நிலுவையில் இருக்கின்றன?’ என்று எழுந்து கேளுங்கள். மன்றத்தில் விழுக்காட்டுக்காக வெளிநடப்புச் செய்தவர் இதையும் கேட்டு வாங்கித் தரட்டும்.

எட்டாவது முறை அந்த அம்மாவுடன் நானும் போனேன். மனு எழுத்தில் போனது, முத்திரையும் விழுந்தது. இரண்டு மாதத்தில் ஆய்வாளர் வந்து முன் அறையைப் பார்த்தார். அடுத்த அரையாண்டு முதல் அது குடியிருப்பு. முந்தைய ஆண்டுகளில் அவர் கூடுதலாகக் கட்டிய பணத்தைக் கழிக்கக் கோரிய மனு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது. நாளை அதற்கான தகவல் உரிமை விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்கிறோம்.