ஃபிரிட்ஜில்தானே இருக்கிறது, பிறகென்ன?

வாசகி ஒருவர் எழுதியிருந்தார். வீட்டு நாய்க்குக் கடையில் குளிரூட்டி விற்கும் உணவைத்தான் வாங்கிப் போடுகிறாராம். இறைச்சியும் காய்கறியும் அரைத்துச் சமைத்து, உருளையாக உறைபோட்டு, கடை ஃபிரிட்ஜிலேயே அடுக்கி வைத்திருப்பார்களே, அது. பிரிக்காத உருளையில் பல வாரங்கள் தள்ளி ஒரு தேதி அச்சாகியிருக்கிறது. பிரித்துவிட்டாலோ 7 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டுமாம். “அதே ஃபிரிட்ஜ், அதே தட்டு. பிரித்ததும் அப்படி என்ன ஆகிவிடுகிறது? அடுத்த உருளையைச் சீக்கிரம் வாங்க வைக்கிற தந்திரமா?” என்று கேட்கிறார்.

தந்திரம் இல்லை. ஆனால் சந்தேகம் நியாயமானது. ஃபிரிட்ஜுக்குள் போனது பத்திரம் என்று நாம் எல்லோருமே நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது எங்கே என்று பார்க்க இந்த உருளையே போதும்.

உலர் உணவை முதலில் ஒதுக்கிவிடலாம். அதில் ஈரம் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பாக்டீரியா உள்ளே விழுந்தாலும் குடிக்கத் தண்ணீர் கிடையாது. பையைப் பிரித்து வைத்தாலும் சுலபத்தில் கெடாது. டின் உணவில் ஈரம் 75 சதவீதம் வரை இருக்கும், ஆனால் டின்னை மூடியபிறகு 121 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, கூட்டுக்குள் உறங்கும் பாக்டீரியா வித்துகளைக்கூட விட்டுவைக்காமல் கொன்றுவிடுகிறார்கள். குளிரூட்டிய உணவு இரண்டிலும் சேராது. டின்னுக்கு நிகரான ஈரம், ஆனால் இதமான சூடு. அந்த இதத்துக்காகத்தான், அதாவது இறைச்சி இறைச்சியாகவே மணக்க வேண்டும் என்பதற்காகத்தான், மக்கள் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள். சூடு செய்யாமல் விட்ட மிச்ச வேலை முழுவதும் குளிரின் தலையில் விழுகிறது.

இதமான சூடு என்றால் ஏனோதானோ என்று அர்த்தமில்லை. லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவைப் பத்து லட்சத்துக்கு ஒன்றாகக் குறைக்க, உணவின் நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடம் இருந்தால் போதும் என்பது உணவுத் தொழிலில் வழக்கமான கணக்கு. நச்சைக் கக்கும் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின், குளிரிலும் முளைக்கக்கூடிய வித்துகளை அதே அளவுக்குக் குறைக்க 90 டிகிரியில் 10 நிமிடம். உருளை உணவில் பெரும்பாலும் உறையைக் கட்டியபிறகுதான் சமைப்பார்கள். உள்ளே இருந்தவை செத்துவிட்டன, வெளியே இருப்பவை நுழைய வழியில்லை. பிரிக்காத உருளைக்கு நீண்ட தேதி கிடைப்பது இதனால்தான்.

பிரித்த நொடியில் கத்தி, கை, வெட்டுப் பலகை, கிண்ணத்தை நக்கிவிட்டு வந்த மூக்கு எல்லாமே உள்ளே வரத் தொடங்குகின்றன. சரி, வரட்டுமே, உள்ளேதான் 4 டிகிரி குளிர் இருக்கிறதே என்பீர்கள். அந்தக் குளிர் என்னதான் செய்கிறது?

ஒவ்வொரு பாக்டீரியாவையும் ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வு சுற்றியிருக்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். அந்தச் சவ்வு கல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. இளகிய வெண்ணெய் பதம். அதில் புரதங்கள் மிதக்கின்றன. வெளியே இருக்கும் உணவை உள்ளே இழுத்துப்போடும் பம்புகள் அவை. இழுக்க வேண்டுமானால் அவை நெளிய வேண்டும், திரும்ப வேண்டும். சுற்றிலும் பதம் இருந்தால்தான் அது நடக்கும். வெண்ணெயைக் குளிரில் வைத்தால் இறுகுவதுபோல இந்தச் சவ்வும் இறுகுகிறது. பம்புகள் சிக்கிக்கொள்கின்றன. நொதிகளும் மந்தமாகிவிடுகின்றன. சுற்றி எங்கும் இறைச்சி, நடுவே பாக்டீரியா பட்டினி. வயிற்றுப்போக்கைத் தரும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா 5 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ இப்படித்தான் நின்றுவிடுகிறது. சாகவில்லை, நிற்கிறது.

லிஸ்டீரியா நிற்பதில்லை. தண்ணீர் உறையும் புள்ளிக்குச் சற்றுக் கீழே, கிட்டத்தட்ட மைனஸ் 0.4 டிகிரி வரைகூட அது பெருகியிருக்கிறது.

இதன் கதையே வேடிக்கையானது. 1926ல் கேம்பிரிட்ஜில், சோதனைக்கூட முயல்களும் கினிப் பன்றிகளும் இறந்ததை ஆராய்ந்தபோது இதை முதலில் விவரித்தார்கள். அறுவை சிகிச்சையில் கிருமி ஒழிப்பைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் பெயரைப் பின்னர் இதற்கே சூட்டினார்கள்! கிருமியை எதிர்த்தவருக்குக் கிருமியின் வடிவில் மரியாதை. நோயுற்ற மாட்டின் மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுப்பது ஆய்வாளர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. மாதிரியில் இருந்தாலும் தட்டில் வளராமல் ஏய்த்தது. 1948ல் ஒரு வழி கிடைத்தது. மாதிரியை ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் வைத்துவிட வேண்டும். மற்ற பாக்டீரியாக்கள் முடங்கி நிற்க, இது மட்டும் மெதுவாகப் பெருகித் தலைகாட்டும். நாம் எதைப் பாதுகாப்புப் பெட்டகம் என்கிறோமோ, அதுதான் அவர்களுக்கு லிஸ்டீரியாவை வளர்க்கும் கருவி.

எப்படி வளர்கிறது? விறகுக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நேரான குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் காற்றுப் புகாமல் நெருங்கி நிற்கும். ஒவ்வொரு குச்சியிலும் பக்கவாட்டில் ஒரு சிறு கிளை துருத்திக்கொண்டிருந்தால்? எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இடைவெளி விழும். சவ்வில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் நீண்ட வால் கொண்ட மூலக்கூறுகள், இந்தக் குச்சிகள் மாதிரி. குளிரில் வால்கள் நெருங்கி அடுக்கிக்கொள்வதைத்தான் இறுகுதல் என்கிறோம். லிஸ்டீரியாவின் வால்களில் பெரும்பாலானவை நேரானவை அல்ல. வாலின் கோடியில் ஒரே ஒரு கார்பன் பக்கவாட்டில் கிளைத்திருக்கிறது.

அந்தக் கிளை எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். வாலின் கடைசிக்கு முந்தைய கார்பனில் கிளை இருந்தால் ஐசோ வகை. அதற்கும் ஒன்று முன்னால் தள்ளி இருந்தால் ஆன்ட்டீஐசோ. வித்தியாசம் ஒரு கார்பன்தான். ஆனால் நுனியில் இருக்கும் கிளையை எப்படியாவது அடுக்கிவிடலாம். கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் கிளை அடுக்கையே குலைத்துவிடும். குளிர் உறைக்கத் தொடங்கியதும் லிஸ்டீரியா இரண்டு காரியம் செய்கிறது. ஐசோவைக் குறைத்து ஆன்ட்டீஐசோவைக் கூட்டுகிறது; 17 கார்பன் வால்களுக்குப் பதில் 15 கார்பன் வால்களைச் செய்கிறது. குட்டை வால், கோணல் கிளை. சவ்வு மறுபடி இளகுகிறது, பம்புகள் ஓடத் தொடங்குகின்றன.

இது ஊகம் அல்ல என்று 1997ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கிளைத்த வால்களைச் செய்யும் திறன் பழுதான லிஸ்டீரியா ரகங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றால் குளிரில் வளர முடியவில்லை. ஆன்ட்டீஐசோ வாலுக்கு அடித்தளமான ஒரு சின்ன மூலக்கூறை வெளியிலிருந்து ஊட்டினார்கள். மறுபடி வளர்ந்தன! திட்ட வேண்டிய பாக்டீரியாவுக்குக் கைதட்டத் தோன்றுகிறது எனக்கு.

இன்னொன்றும் உண்டு. குளிரைத் தாங்க லிஸ்டீரியா கார்னிட்டின் என்ற பொருளை வெளியிலிருந்து உறிஞ்சிச் சேமித்துக்கொள்ளும். கார்னிட்டின் எதில் நிறைய இருக்கிறது? இறைச்சியில். அந்தப் பெயரே இறைச்சிக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். சாப்பாட்டோடு கம்பளியும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

கிருமியைக் கொல்லச் சூட்டைத் தவிர இன்னொரு வழியும் உண்டு: அழுத்தம். சில தயாரிப்புகளில், முக்கியமாகப் பச்சை இறைச்சியில் செய்தவற்றில், சூட்டுக்குப் பதிலாக அழுத்தம் கொடுக்கிறார்கள். மூடிய பொட்டலங்களை நீர் நிறைந்த தடித்த எஃகு உருளைக்குள் போட்டு, சில நிமிடங்களுக்கு 600 மெகாபாஸ்கல் வரை அழுத்துவார்கள். காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 6,000 மடங்கு. பெருங்கடலின் மிக ஆழமான பள்ளத்தில்கூட 1,100 மடங்கை ஒட்டித்தான் இருக்கிறது. அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக விழுவதால் இறைச்சி நசுங்குவதில்லை. பாலை இப்படிப் பதப்படுத்த முடியுமா என்று மேற்கு வர்ஜீனியாவில் பெர்ட் ஹைட் என்பவர் 1899லேயே பார்த்துவிட்டார்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: அழுத்தமும் அதே சவ்வைத்தான் தாக்குகிறது. ஒவ்வொரு 100 மெகாபாஸ்கலுக்கும் சவ்வுக் கொழுப்பு உறையும் வெப்பநிலை சுமார் 20 டிகிரி ஏறுகிறது. அறை வெப்பத்திலேயே சவ்வு விறைத்துப்போகிறது. குளிரே இல்லாத ஒரு பனிக்காலம். ஃபிரிட்ஜின் குளிரென்றால் வாலை மாற்றிச் செய்ய லிஸ்டீரியாவுக்கு அவகாசம் இருக்கிறது; சில நிமிடங்களில் வந்து இறங்கும் இதற்கு இல்லை. சவ்வு கிழிகிறது, புரதங்கள் குலைகின்றன. கடினமான கூட்டுக்குள் உறங்கும் வித்துகள் மட்டும் தப்பிவிடும். அதனால் அழுத்திய உணவையும் ஃபிரிட்ஜில்தான் வைத்தாக வேண்டும்.

வாசகியின் 7 நாளுக்குத் திரும்புவோம். பிரித்த உருளையில் லிஸ்டீரியா விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 டிகிரியில் அது இரட்டிப்பாக ஒன்றரை நாள் ஆகிறது என்று கணக்குப் போட்டால், 7 நாளைத் தாண்டி 9 நாள் வைத்திருந்தால் 6 முறை இரட்டித்து 64 மடங்காகும். ஃபிரிட்ஜ் சரியில்லாமல் உள்ளே 10 டிகிரி என்று வையுங்கள். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அதே 9 நாளில் 27 முறை. மடங்கு? 13 கோடிக்கு மேல்! நிஜத்தில் அதற்கு முன்பே ஏதாவது ஒன்று தீர்ந்து வளர்ச்சி நின்றுவிடும். இருந்தாலும் 6 டிகிரி வித்தியாசம் என்ன செய்கிறது என்று புரியும். ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில், திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படும் இடத்தில், உருளையை வைக்காதீர்கள். பின்பக்கமாகத் தள்ளி வையுங்கள். சிறு வெப்பமானி ஒன்றை உள்ளே போட்டுப் பார்ப்பதும் நல்லது. அச்சாகியிருக்கும் 7 நாள், ஃபிரிட்ஜ் ஒழுங்காக வேலை செய்கிறது என்று நம்பிச் சொன்ன எண்.

ஃபிரீசரில் வைத்தால்? நீர் உறைந்துவிடுவதால் வளர்ச்சி நிற்கும். லிஸ்டீரியா சாகாது. உருகியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

“நாய் என்ன, ஓநாய்தானே, அதன் வயிறு எதையும் தாங்கும்” என்று சொல்பவர்கள் உண்டு. மூடநம்பிக்கை என்றுதான் இதைச் சொல்வேன், படித்தவர்கள் சொன்னாலும். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள்தான், நாய்களுக்கு 4 முதல் 30 வரை என்று 2013ல் கண்டறிந்தார்கள். மனிதரோடு வாழ்ந்து வயிறே மாறிவிட்ட பிராணி அது. சால்மொனெல்லா பல நாய்களை வெளிப்படையாகப் படுக்க வைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த நாய் அதை மலத்தில் வெளியேற்றும், வாயில் சுமக்கும், குழந்தையின் கன்னத்தை நக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதித்த 196 பச்சை உணவு மாதிரிகளில் 15ல் சால்மொனெல்லாவும் 32ல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸும் (நாம் பேசிவரும் லிஸ்டீரியாவின் முழுப்பெயர்) இருந்தன. வீட்டில் கர்ப்பிணியோ முதியவரோ இருந்தால் நாயின் கிண்ணமும் அவர்கள் சாப்பாட்டுத் தட்டு மாதிரிதான். லிஸ்டீரியா கருவையே கலைத்துவிடக்கூடியது.

குளிரூட்டிய உணவு உலர் உணவைவிட நாயை நீண்ட நாள் வாழ வைக்குமா என்றும் கேட்கிறார்கள். அதற்கு நாய்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். பெரும் பணம் வேண்டும். செல்லப்பிராணி உணவு ஆய்வில் கணிசமான பணம் உணவு நிறுவனங்களிடமிருந்தே வருகிறது. பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. கோடிக்கணக்கான வீடுகளில் நாய் இருக்கும்போது, பொதுப் பணத்தில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்கினால் குறைந்துவிடாது.

லேபிளைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உருளையில் புரதம் 10 சதவீதம், உலர் உணவில் 24 என்று போட்டிருந்தால் உருளை மட்டம் என்று தோன்றும். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 70 சதவீதம் ஈரமுள்ள உருளையில் மிச்சமிருக்கும் 30க்கு 10 புரதம், அதாவது 33 சதவீதம். உலர் உணவில் 90க்கு 24, கிட்டத்தட்ட 27தான். அதே ஈரத்தால், ஒரே எடைக்குக் கிடைக்கும் கலோரி உருளையில் பாதிக்கும் குறைவாக இருக்கலாம். பழைய கிண்ணத்து அளவையே போட்டால் நாய் இளைத்துவிடும்.

கடைசியாக, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை நாய் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது என்று வாசகி அதே கடிதத்தில் குறைப்பட்டிருந்தார். குளிர்ந்த உணவிலிருந்து மண மூலக்கூறுகள் அதிகம் ஆவியாவதில்லை. மூக்கால் சாப்பிடும் பிராணிக்கு அது கிட்டத்தட்ட வெறும் தட்டு. ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்து, வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். மிச்ச உருளை அதுவரை வெளியே காத்திருக்க வேண்டாம்.