மனச்சிதைவு: பராமரிப்பிலும் புள்ளிக் கணக்கு வேண்டும்

மனச்சிதைவு நோய்க்கு ஆளான ஒருவரை மருத்துவரிடம் அழைத்துவரும்போது, நோயாளியைவிடத் தளர்ந்து போயிருப்பவர் பெரும்பாலும் உடன் வந்தவர்தான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அவர் அநேகமாக அறுபதைக் கடந்த தாயாக இருப்பார். முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் வீட்டில், மற்ற பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அவரும் நோயுற்ற மகனும் மட்டுமே குடியிருப்பார்கள். பணம் மாதம் தவறாமல் வந்துவிடும், ஆள்தான் வராது. குடும்பத்தின் தாங்குதிறன் என்றதும் பலர் அந்தத் தாயின் பொறுமையையே நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவருடைய பொறுமையை மட்டும் நம்பியிருக்கும் குடும்பம், அவர் வழுக்கி விழுந்து படுக்கையில் கிடக்க நேர்ந்த அன்றே குலைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

உலகில் முந்நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குவதே வழக்கம். யாருமில்லாமல் குரல் கேட்பதும், காரணமின்றிச் சந்தேகப்படுவதும் நோய் என்று எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. குளிக்க மனமில்லாமை, பேச்சுக் குறைந்துபோதல், எதிலும் நாட்டமின்றிப் படுத்தே கிடத்தல் ஆகியவையும் அதே நோயின் அறிகுறிகள்தாம் என்பது புரிவதில்லை. குரல்கள் மாத்திரையில் அடங்கிய பின்னும் இவை நீடிக்கக்கூடும். “முப்பது வயசாச்சு, பத்து மணிக்கு எந்திரிக்கிறான், சோறு மட்டும் நேரத்துக்கு வேணும்” என்ற ஏச்சு தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

அந்த ஏச்சுக்கு விலை உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் 1950களில் தொடங்கி வைத்த ஆய்வுகளும் அவற்றைத் தொடர்ந்து பல நாடுகளில் நடந்தவையும், ஓயாத குறைகூறலும் வெறுப்பும் மிகையான அரவணைப்பும் உள்ள வீடுகளில் நோய் திரும்பத் தலைதூக்குவது அதிகம் என்று காட்டின. நோயைக் குடும்பம் உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளல்ல. அப்படிச் சொல்லிப் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறியாமை. ஆனால் மருந்து பாதி வேலையைச் செய்யும்போது, வீட்டின் பேச்சும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். மிகையான அரவணைப்பை நம்மூரில் யாரும் குறையாகவே நினைப்பதில்லை என்பதால், வளர்ந்த மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டும் தாயிடம் அதை நிறுத்தச் சொல்வது எனக்கு இன்றும் சங்கடமான வேலைதான்.

அடையாளங்களை மாற்றி ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று மகன் தட்டைத் தள்ளிவிடுவான். தாய் குன்றக்குடி முருகன் மேல் சத்தியம் செய்வார், அழுவார், இரவெல்லாம் வாதம் நடக்கும். உண்மையிலேயே ஏதாவது கலந்தீர்களா என்று கேட்டபோது அவர் தலைகுனிந்தார். மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் போட்டிருந்தார். பல வீடுகளில் நடப்பதுதான் இது. சந்தேகத்தால் வாடுபவருக்கு அந்தச் சந்தேகத்தை மெய்யாக்கிக் கொடுப்பது போன்ற கேடு வேறில்லை. மறைத்துக் கொடுப்பதை நிறுத்தி, மகனிடம் நேரே பேசி, அவன் ஒப்புதலோடு சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் நீண்டநாள் ஊசிக்கு மாற்றினோம். தாய் சொல்ல வேண்டியதையும் திருத்தினோம்: “எனக்கு அப்படித் தோணலப்பா. ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. சட்டியிலேருந்து நீயே எடுத்துப் போட்டுக்க.” மறுப்பும் இல்லை, ஆமோதிப்பும் இல்லை. ஊசியின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆயின. சாப்பாட்டு நேரச் சண்டை அதற்கு முன்பே ஓய்ந்தது.

கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதைத்தான் தடுப்பேன். பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்பதும் கைவிட வேண்டிய எண்ணம். நோயை மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் கெடுவது இரண்டு குடும்பம்.

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கோயில் காரியத்துக்கும் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று வரி பிரித்து, அரைக்காசு பிசகாமல் கணக்கு எழுதும் ஊர் இது. பராமரிப்புக்கு மட்டும் ஏன் ஒரே புள்ளி? சிங்கப்பூர் அண்ணன் ஞாயிறுதோறும் தாயோடு அல்ல, தம்பியோடு பேசட்டும். சென்னையில் இருப்பவர் ஆண்டுக்குப் பத்து நாள் வந்து தங்கினால் தாய் மகள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிவிட்டு வரலாம். ஊசித் தேதிக்கு உடன் போகிறவர் யார், தூக்கம் குறைவது போல நோய் திரும்புவதற்கு முன் நோயாளியிடம் தென்படும் மாற்றங்கள் எவை என்பதை ஒரு தாளில் எழுதி எல்லாரும் வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் யாரைக் கேட்பது என்று திகைப்பவர்கள் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

“எனக்கப்புறம் இவனை யாரு பாப்பா?” என்று கேட்காத ஆச்சி இல்லை. இதற்கு ஆறுதல் வார்த்தை போதாது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிகிச்சை குறித்த முடிவுகளில் துணைநிற்கத் தாம் விரும்பும் ஒருவரை நோயாளியே எழுத்துமூலம் நியமிக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும் என்பதால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பாகம் பிரிக்கும்போது “அவனுக்கு எதுக்கு” என்று அவர் பங்கைக் கரைத்துவிடாதீர்கள். பொறுப்பேற்கப் போகும் சகோதரரோ சகோதரியோ, தாய் நடமாட்டமாக இருக்கும்போதே ஒருமுறையாவது நோயாளியுடன் மருத்துவரிடம் வந்து, என்ன மருந்து, எவ்வளவு, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.