போனின் வரைபடம் யாரிடம் இருக்கிறது?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில் ஒரு ரேடியோ இருந்தது. காலையில் திருநெல்வேலி வானொலியை வைத்துவிட்டுத்தான் அம்மா வேலையைத் தொடங்குவார். பக்கத்தில் செல்போன் இருந்தால், அது மணி அடிப்பதற்கு இரண்டு மூன்று விநாடிகளுக்கு முன்பே ரேடியோ 'டிட்டிடிட், டிட்டிடிட், டர்ர்ர்' என்று உறுமும். "போன் வரப்போகிறது, போய் எடு" என்பார் அம்மா. போனுக்கு வரும் அழைப்பு ரேடியோவுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான், கையில் வைத்திருக்கும் போனுக்குள் நமக்குத் திறக்கப்படாத ஓர் அறை இருப்பதையும் அந்த அறைக்காக உலகெங்கும் ஒரு நீண்ட வாதம் நடந்துவருவதையும் அறிந்துகொண்டேன்.

முதலில் உறுமலைப் பார்ப்போம். ஜிஎஸ்எம் எனப்படும் இரண்டாம் தலைமுறை (2ஜி) செல்போன் கோபுரங்கள் நம் நாட்டில் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் இயங்குபவை. அவற்றில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பங்கீடு நேரத்தால் நடக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. மழை பொய்த்த ஆண்டில் பாளையங்கால்வாயில் தண்ணீர் எப்படிக் கிடைக்கும்? முறை வைத்துத்தான் கிடைக்கும். நம் முறை வந்ததும் வயலின் மடையைத் திறக்க வேண்டும். முறை முடிந்ததும் அடைத்துவிட வேண்டும். நேரம் தவறித் திறந்தால் அடுத்தவர் பயிர் வாடும். கோபுரத்தின் கணக்கில் ஒருவருடைய முறை 577 மைக்ரோவிநாடி. எட்டுப் பேருக்கும் முறை ஒரு சுற்று வர 4.615 மில்லிவிநாடி ஆகிறது. அப்படியென்றால் பேசிக்கொண்டிருக்கும் போன் ஒரு விநாடிக்குச் சுமார் 217 தடவை மடையைத் திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் 2 வாட் வரை ஆற்றல் சட்டென்று வெளியேறி நின்றுவிடுகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலை நம் காதுக்கு எட்டாது. ஆனால் அது விநாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு வந்து ரேடியோவின் ஒலிபெருக்கிச் சுற்றில் மோதும்போது, அந்த மோதல் 217 ஹெர்ட்ஸ் ஒலியாகக் கேட்கிறது. மணி அடிப்பதற்கு முன்பே போனும் கோபுரமும் தங்களுக்குள் பேசி ஒரு தடத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மாவின் ரேடியோ கேட்டது அந்தப் பேச்சைத்தான்.

முறை வைப்பதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போனாலும், கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரின் குரல் 33 மைக்ரோவிநாடி தாமதமாகத்தான் வந்து சேரும். ஆகவே கோபுரம் ஒவ்வொரு போனுக்கும், 'நீ இவ்வளவு நேரம் முந்திக்கொண்டு அனுப்பு' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த முந்துதலை ஏறத்தாழ 550 மீட்டர் தூரத்துக்கு ஒரு படி என்று, 63 படிகள் வரை கூட்டலாம். அதனால்தான் வழக்கமான ஜிஎஸ்எம் கோபுரத்தின் எல்லை 35 கிலோமீட்டரில் முடிகிறது. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்திலிருந்து வரும் சமிக்ஞை அதையும் தாண்டிப் பலமாக எட்டினாலும் பேச முடியாது, முறை தவறிவிடும்.

மைக்ரோவிநாடிக் கணக்கில் இந்த வேலையைச் செய்வது யார்? நாம் தொட்டு விளையாடும் செயலிகள் ஓடுகிற கணினி இதைச் செய்வதில்லை. போனுக்குள் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று திரை, படம், பாட்டு, வங்கிச் செயலி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. மற்றொன்று மோடம், அதற்கென்று தனிப் பிராசஸர், தனி நினைவகம், தனி இயங்குதளம் உண்டு. கோபுரத்தோடு பேசுவது அது மட்டுமே. முதல் கணினி அதனிடம் 'இந்த எண்ணை அழை' என்று கேட்டுக்கொள்ளலாம். அதற்கு 1981இல் தொலைபேசி மோடங்களுக்காக ஹேய்ஸ் நிறுவனம் உண்டாக்கிய 'ஏடி' கட்டளைகளின் வழிவந்த மொழியைப் பல போன்கள் இன்னும் பயன்படுத்துகின்றன. கேட்டுக்கொள்ளலாம் என்பதோடு சரி. மோடத்துக்குள் என்ன நிரல் ஓடுகிறது என்று பார்க்கவோ மாற்றவோ போனை விலைகொடுத்து வாங்கியவருக்கு வழியில்லை.

பூட்டியவர்கள் சொல்லும் காரணங்களில் சிலவற்றை நான் மதிக்கிறேன். முறை தவறி அனுப்பும் போன் பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சைக் கெடுக்கும். போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை மாற்றிவிட்டால் திருடுபோன போனைத் தேட முடியாது. அதை மாற்றுவதை நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு விதிகள் குற்றமாக்கின; இன்றும் அது குற்றம்தான். ஆனால் இவற்றோடு காப்புரிமைகளும் ரகசிய ஒப்பந்தங்களும் சேர்ந்துதான் அந்தப் பூட்டு இவ்வளவு கனமாகியிருக்கிறது.

இந்தப் பூட்டோடு முதலில் மல்லுக்கட்டிய பெரிய முயற்சி ஓப்பன்மோக்கோ என்னும் திறந்த போன் திட்டம். தைவானின் எஃப்ஐசி நிறுவனத்தில் பிறந்து 2006இல் அறிவிக்கப்பட்டது. முதல் போனின் பெயர் நியோ 1973. மோட்டோரோலா பொறியாளர் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று கைபேசியில் முதன்முதலாகப் பேசிய ஆண்டு அது. 2008இல் நியோ ஃப்ரீரன்னர் வந்தது. இயங்குதளம் லினக்ஸ். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். மேல்கூட்டின் வடிவமைப்புக் கோப்புகளைக்கூட யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று கொடுத்தார்கள். விலை 399 டாலர்; கேமரா கிடையாது, மூன்றாம் தலைமுறை இணைப்பும் கிடையாது. மோடம் மட்டும் பூட்டியே இருந்தது.

அந்த போனில் ஒரு பெரிய கோளாறு தலைகாட்டியது. பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு ஓர் உறுமல் கேட்டது. எங்கள் அடுப்படி ரேடியோவில் கேட்ட அதே 217 ஹெர்ட்ஸ்! மோடத்தின் துடிப்பு மைக்குக்கு மின்சாரம் தரும் தடத்துக்குள் நுழைந்திருந்தது. அடுத்து நடந்ததை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கோளாறு எங்கே இருக்கிறது, சர்க்யூட் பலகையில் எந்த இடத்தில் எந்த மின்தேக்கியைப் பற்றவைத்தால் அது அடங்கும் என்று படத்தோடு எழுதி எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் சில ஊர்களில் அந்த போனை வைத்திருந்தவர்கள் ஒன்றுகூடி, சால்டரிங் நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுத்துத் தங்கள் போன்களைச் சரிசெய்துகொண்டார்கள். பூட்டிய அறைக்குள் யாரும் போகவில்லை. அறைக்கு வெளியே இருந்த பலகை திறந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

2009இல் ஓப்பன்மோக்கோ புதிய போன் உருவாக்குவதை நிறுத்திவிட்டது. ஆனால் அங்கே வேலைபார்த்த ஹரால்ட் வெல்ட்டேயும் நண்பர்களும் ஃப்ரீரன்னரில் இருந்த அதே கலிப்சோ வகைச் சில்லு பழைய மோட்டோரோலா சி118, சி123 போன்ற மலிவான போன்களிலும் இருப்பதைப் பயன்படுத்தி, மோடத்துக்கான திறந்த நிரலை எழுதத் தொடங்கினார்கள். ஆஸ்மோகாம்பிபி என்னும் அந்த நிரலை வைத்து 2010இல் உண்மையாகவே அழைத்துப் பேசவும் செய்தார்கள். ஆய்வகத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய வேலைதான் இது. ஆனாலும் பூட்டைத் திறக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பாளையங்கோட்டையில் ஒரு மொட்டை மாடியில் பத்துப் பேர் கூடி இதைப் பேசினோம். பொறியியல் மாணவர்கள், தமிழ் எழுத்துருக்களில் வேலைசெய்யும் ஒரு பெண், வண்ணார்பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, நான். முழுக்கத் திறந்த ஒரு போனை ஆட்கள் கூடி உருவாக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒரு மாணவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. மோடம் திறக்காத போனைத் திறந்த போன் என்று அழைக்கக் கூடாது என்றார். பல போன்களில் மோடமும் முதன்மைக் கணினியும் ஒரே சில்லுக்குள் இருந்து நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதை எடுத்துச் சொன்னார். சில கேலக்ஸி போன்களில் மோடம் கேட்டால் முதன்மைக் கணினி தன் கோப்புகளைப் படித்துக் கொடுத்துவிடும் வழி இருப்பதாக, ஆண்ட்ராய்டின் திறந்த பதிப்பை உருவாக்கும் ரெப்ளிகண்ட் குழு 2014இல் வெளியிட்டதையும் நினைவூட்டினார். அவர் அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. லிப்ரம் 5, பைன்போன் என்னும் இரண்டு லினக்ஸ் போன்களிலும் மோடத்தைத் தனிச் சில்லாகப் பிரித்து வைத்து, வேண்டாதபோது மின்சாரத்தையே துண்டிக்கும் சுவிட்ச் கொடுத்திருப்பது இந்த அச்சத்துக்கான பதில்தான்.

இன்னொருவர் பணத்தைப் பற்றிக் கேட்டார். 2013இல் உபுண்டு எட்ஜ் என்ற போனுக்காக 3 கோடியே 20 லட்சம் டாலர் திரட்டக் கிளம்பியவர்களுக்குச் சுமார் 1 கோடியே 28 லட்சம்தான் உறுதியானது, திட்டம் கைவிடப்பட்டது. புதிதாக ஒரு போனைச் செய்வதைவிட, ஏற்கெனவே சந்தையில் இருக்கும் போன்களை மீட்பது நல்லது என்பது அவர் கட்சி. 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்னும் திறந்த இயங்குதளம் அந்த வழியில்தான் போகிறது. ஒரு போன் பத்து ஆண்டு உழைக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். எழுத்துருப் பெண் 'கொ' என்ற ஓர் எழுத்தைத் தாளில் எழுதிக் காட்டினார். ஒகர உயிர்மெய்யில் ஒரு குறி எழுத்துக்கு முன்னால், ஒரு குறி பின்னால். இந்த விதி தெரியாத போன் தமிழைச் சிதைத்துக் காட்டும். நிரல் திறந்திருந்தால் நாமே திருத்தலாம், பூட்டியிருந்தால் யாரோ இரங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்.

அதுவரை பேசாமல் இருந்த அண்ணாச்சி அப்போது கேட்டார்: "சாஃப்ட்வேர் இருக்கட்டும் தம்பி. போர்டு வரைபடம் கொடுப்பார்களா?"

எனக்கு அங்கேதான் வாதம் திசை திரும்பியது. அவர் கடைக்கு வரும் போன்களில் பலவற்றின் சாவு மிகச் சிறிய ஒரு காரணத்தால் வருகிறது. சார்ஜர் தரும் 5 வோல்ட் மின்சாரம் முதலில் ஒரு காப்பு ஐ.சி.யைக் கடந்து, சார்ஜிங் ஐ.சி.க்குப் போய், அங்கிருந்து பாட்டரிக்குப் போகிறது. வழியில் எள் அளவுள்ள ஒரு மின்தேக்கி ஷார்ட் ஆனால் போதும், முழுப் பலகையும் செத்ததுபோல் கிடக்கும். அந்தப் பொருளின் விலை ஒரு ரூபாய்கூட இருக்காது. ஆனால் எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று தெரியாமல் மல்டிமீட்டரை வைத்து எதைத் தேடுவது? இதைக் காட்டும் சர்க்யூட் வரைபடத்தைப் பல நிறுவனங்கள் தருவதில்லை. ஆண்டுச் சந்தா கட்டி, யார் யாரோ கசியவிட்ட வரைபடங்களை வைத்துத்தான் சர்வீஸ் கடைகள் பிழைக்கின்றன. பாதிப் போன்களுக்கு அதுவும் கிடைக்காது. "போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. ராதாபுரத்திலிருந்தும் களக்காட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்தவரிடம் அப்படிச் சொல்வது தனக்கு அவமானமாக இருக்கிறது என்றார்.

மோடம் திறக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதை முதலில் கேட்பது என்றால், வரைபடத்தைக் கேட்போம் என்பேன். அதைக் கொடுப்பதால் எந்தக் கோபுரத்தின் முறையும் தவறாது, எந்த ஐஎம்இஐ எண்ணும் மாறாது. மோடத்தைப் பூட்டுவதற்குச் சொல்லும் நியாயங்களில் ஒன்றுகூட வரைபடத்துக்குப் பொருந்தாது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்த குழுவின் பட்டியலில் வேளாண் கருவிகளோடு மொபைல் போன்களும் இருந்தன. நாம் அழுத்திக் கேட்க வேண்டிய இடம் அது.

இதைச் செய்து காட்டிய போன் இருக்கிறது. பைன்போன் 149 டாலருக்கு வந்தபோது அதன் சர்க்யூட் வரைபடம் முழுவதும் இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருந்தது. அதன் பாட்டரி சாம்சங் ஜே7 பாட்டரி அளவில் செய்யப்பட்டது; திருநெல்வேலியில் செல்போன் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். அதன் மோடத்துக்குள்ளேயே ஒரு சிறு லினக்ஸ் ஓடுகிறது. அந்தப் பகுதியை ஆர்வலர்கள் தங்கள் திறந்த நிரலால் மாற்றியும்விட்டார்கள். அலையோடு பேசும் உள்பகுதி மட்டும் இன்னும் பூட்டியிருக்கிறது. வேகம் குறைவு, கேமரா சுமார். அன்றாடம் பயன்படுத்த எல்லாருக்கும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்த வாரம் மடிக்கணினியில் அந்த வரைபடத்தை இறக்கிக்கொண்டு அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார். அந்தப் போனை அவர் அதற்கு முன் கண்ணால் பார்த்ததே இல்லை. யுஎஸ்பி வாயிலில் விரலை வைத்து, கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், ஏஎக்ஸ்பி 803 என்ற மின்மேலாண்மைச் சில்லில் நிறுத்தி, அங்கிருந்து பாட்டரி முனைக்கு வந்தார். "இங்கே அளக்கலாம், இங்கே அளக்கலாம், இது ஷார்ட் என்றால் இதைத் தூக்கிவிட்டுப் பார்க்கலாம்" என்று மூன்று இடங்களைக் காட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்தப் பக்கத்தை மட்டும் பெரிய தாளில் அச்செடுத்துத் தரச் சொன்னார். முருகன்குறிச்சியில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அது சால்டரிங் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. பைன்போன் ஒன்றுகூட இதுவரை பழுதுபார்க்க அவரிடம் வந்ததில்லை. வேலை பழக வரும் பையன்களுக்கு மின்சாரம் போகும் வழியை அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.